அறியாத வாயின் சொல்: பரங்குன்றத்தையும் கூடலையும் சுற்றித் தெய்வக் குரல் கேட்ட வரலாறு

'கேட்டல்' என்னும் வினை தமிழில் வினவுதலையும் குறிக்கும், செவிமடுத்தலையும் குறிக்கும். குறி கேட்டல், வாக்குக் கேட்டல், உத்தரவு கேட்டல், பூக் கேட்டல் என்று இன்றும் வழங்கும் தொடர்களில் வினா எங்கே முடிகிறது, செவிமடுத்தல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. தெய்வத்திடம் கேட்கப் போகிறவர் பெரும்பாலும் தமக்கு வேண்டிய விடையை மனத்தில் முடித்துக்கொண்டே போகிறார். அந்த விடை வந்தால் தெய்வம் பேசியது என்பர், வராவிட்டால் நேரம் சரியில்லை என்பர். ஆயினும் வேண்டாத சொல்லும் வரக்கூடும் என்பதை அறிந்தே அதற்கு இடம் விட்டு வைத்த சில கேட்டல் முறைகள் பழந்தமிழரிடம் இருந்தன என்பதற்கும், அம்முறைகளின் தரத்தைப் புலவர்கள் கூர்மையாக எடைபோட்டனர் என்பதற்கும் சங்க நூல்களில் சான்றுகள் உள்ளன. அச்சான்றுகளுள் பல மதுரையையும் அதன் தென்மேற்கே நிற்கும் பரங்குன்றத்தையும், அக்குன்றில் உறையும் முருகனையும் தொட்டுச் செல்கின்றன.

பரங்குன்றத்தைப் பாடிய பரிபாடலின் எட்டாம் பாட்டு ஆசிரியன் நல்லந்துவனார் இயற்றியது. இதே குன்றைப் பற்றிப் பேசும்போது, மதுரை மருதன் இளநாகனார் தம் அகநானூற்றுப் பாட்டொன்றில் (59) அந்துவன் பாடிய மலை என்றே அதனைச் சுட்டுவதிலிருந்து அப்பாட்டின் புகழ் விளங்கும். கூடல் எனப்பட்ட மதுரையிலிருந்து குன்றுக்குத் திரண்டு வந்த மகளிர் அங்கே என்னென்ன வேண்டினர் என்று அப்பாட்டு நிரல்படச் சொல்கிறது: கருவுற வேண்டிக் கடன் நேர்ந்தோர், கணவர் தேடச் சென்ற பொருள் வாய்க்க வேண்டுமென்று கடவுளின் செவியில் சார்த்தியோர், போரில் வெற்றி வேண்டி அருச்சித்தோர். 'செவி சார்த்துதல்' என்பது வேண்டுதலைத் தெய்வத்தின் காதில் போட்டு வைத்தல். இங்கே பேசுபவர் மனிதர், கேட்பவர் கடவுள்; கடவுள் திருப்பிப் பேசியதாக அவ்விடத்தில் ஒரு குறிப்பும் இல்லை. அதே பாட்டில், பரத்தையரிடம் சென்று மீண்ட தலைவன் வையை மணலையும் பரங்குன்றின் அடிவாரத்தையும் தொட்டுச் சூளுரைக்க முற்படுகிறான். பொய்ச் சூள் உரைத்தால் வேலுடையவன் வருத்துவான், அங்கே சூள் வேண்டாம் என்று தோழி தடுக்கிறாள். அக்குன்றத்துத் தெய்வம் காது கொடுக்கும், பொய்யைப் பொறுக்காது என்று மதுரை மக்கள் நம்பியிருந்தனர் என்பது இவற்றால் தெளியலாம். அத்தெய்வத்தின் வாய்க்கோ வேறொருவன் இருந்தான்.

அவன் வேலன். வேலைக் கையில் ஏந்தி, முருகன் தன் மேல் ஏற ஆடுபவன் ஆதலின் அப்பெயர் பெற்றான். அவன் ஆடும் ஆட்டம் வெறியாட்டு அல்லது வெறியயர்தல் எனப்பட்டது. 'வெறி' என்பது தெய்வம் ஏறிய நிலையையும் அந்நிலையில் நிகழும் வழிபாட்டையும் ஒருங்கே குறித்த சொல். வீட்டின் முற்றத்தில் புதுமணல் பரப்பி, களத்தை அணிசெய்து, செந்தினையும் பூவும் தூவி, ஆட்டுக்கிடாயை அறுத்து, அதன் குருதியில் பிசைந்த வெள்ளரிசியைப் பலியாக வைத்து, நறும்புகை எழுப்பி, குறிஞ்சிப் பண் பாடி இரவில் நிகழ்த்தப்பட்ட இச்சடங்கின் உறுப்புகள் பலவற்றைத் திருமுருகாற்றுப்படையின் இறுதிப் பகுதியிலும் அகத்திணைப் பாடல்களிலும் காணலாம். இது மலைச் சிற்றூருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. மதுரை நகரின் இரவைப் பாடும் மாங்குடி மருதனார் அங்கும் வேலனையும், அவனைச் சூழ்ந்து மன்றுதோறும் நிகழ்ந்த குரவையையும் மதுரைக்காஞ்சியில் குறிக்கிறார். தொல்காப்பியர் வேலனுக்கு 'வெவ்வாய்' என்று அடை கொடுத்தார். வெம்மையான சொல் பிறக்கும் வாய் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். பிற பாடல்கள் அவனை 'முதுவாய்' என்றன, அதாவது அறிவு முதிர்ந்த வாய். அவனைப் பற்றிய பேச்செல்லாம் வாயையே சுற்றி வருவது கவனிக்கத்தக்கது.

வேலன் கழங்கு வைத்தும் குறி பார்த்தான். கழங்கு என்பது கழற்சிக்காய். எண்ணிக்கை பார்த்தோ விழுந்த முறை பார்த்தோ விடை சொல்ல அது பயன்பட்டது. கட்டுவிச்சி எனப்பட்ட முதுபெண் நெல்லைச் சுளகில் பரப்பி எண்ணிச் சொன்னாள். ஆனால் அகப்பாடல்களில் இவர்களிடம் எழுப்பப்படும் வினா பெரும்பாலும் ஒன்றே. மகள் மெலிகிறாள், உண்ணவில்லை, உறங்கவில்லை, காரணம் என்ன? விடையும் பெரும்பாலும் ஒன்றே: முருகு அணங்கியது, அதாவது முருகன் தீண்டி வருத்தினான். இந்த விடையில் எவருக்கும் நட்டமில்லை. மகளின் நோய்க்குக் களவுக் காதல் காரணமென்று தெரிந்தால் குடும்பத்துக்கு அலர் வரும், தெய்வம் காரணமென்றால் ஓர் ஆட்டோடு போகும். தாய்க்கு வேண்டிய சொல்லையே வேலனின் வெவ்வாய் தந்தது என்பதைப் புலவர்கள் மறைக்கவில்லை. உண்மையில் அதையே அவர்கள் வேடிக்கையாக்கினர்.

வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தன் பாடிய குறுந்தொகைப் பாட்டில் (362) தோழி வேலனை மிகுந்த பணிவோடு விளித்து, கிடாயை அறுத்து இவள் நெற்றியில் தடவுகிறாயே, இவளை வருத்திய மலைநாடனின் மார்பும் இந்தப் பலியை உண்ணுமா என்று வினவுகிறாள். வெறி பாடியதாலேயே அப்பெயர் பெற்ற காமக்கண்ணியாரின் அகநானூற்றுப் பாட்டில் (22), வெறியாடிய இரவிலேயே தலைவன் மறைந்து வந்து கூடியதால் தலைவியின் நோய் தீர்கிறது. தொடர்பே இல்லாத வேலனுக்கு அந்தப் பெருமை போனதை எண்ணி அவள் சிரித்துக்கொள்கிறாள். நற்றிணையின் 34-ஆம் பாட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் தோழி வேலனை விட்டுவிட்டு முருகனிடமே பேசுகிறாள்: இந்த நோய் நீ தந்ததன்று என்று உனக்கே தெரியும், தெரிந்தும் வேலன் அழைத்தான் என்று தலை நிமிர்ந்து கடம்பு சூடி வெறிக்களத்துக்கு வந்துவிட்டாய், நீ கடவுளாகவே இருந்தாலும் இருந்துவிட்டுப் போ, அறிவில்லாதவன்தான் என்று வாழ்த்தும் சேர்த்து ஏசுகிறாள். தமிழ்ப் பக்தி மரபு தலையெடுப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னமே எழுந்த இந்தக் குரலை நாத்திகம் என்று கொள்ள இயலாது. தெய்வத்தை நம்புகிறவள்தான் தெய்வத்தின் பெயரால் சொல்லப்பட்டது தவறு என்று தெய்வத்திடமே முறையிட முடியும்.

இவற்றோடு ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய வெறிப்பத்தையும் (241 முதல் 250 வரை) சேர்த்துப் படிக்கவேண்டும். அப்பத்தின் கடைசிப் பாட்டில் தோழி கழங்கை முன்னிலைப்படுத்துகிறாள்: பொய்யறியாத கழங்கே, இவளை வருத்தியவன் முருகன் அல்லன், வள்ளிக்காட்டுக்கு உரிய மலைநாடனே என்கிறாள். காயைப் பொய்யறியாதது என்று புகழ்ந்துவிட்டு, அக்காயை வைத்துச் சொல்லப்பட்டதை மறுக்கும் இந்த நயத்தில் ஒரு கொள்கையே அடங்கியிருக்கிறது. கழங்குக்கு விருப்பு வெறுப்பு இல்லை, தாயின் அச்சம் தெரியாது, கூலி தெரியாது. ஆகவே அதனிடம் பொய் இல்லை. பிழை புகுவது அதைப் படித்துச் சொல்லும் வாயில். தெய்வக் குரலுக்கு நம்பகத்தன்மை தருவது அதைச் சொல்பவரின் அறியாமையே என்ற எண்ணம் சங்கப் புலவரிடம் ஊன்றியிருந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து. விரிச்சி என்னும் வழக்கம் அதற்கு முதன்மையான சான்று.

விரிச்சி என்பது தற்செயலாகக் காதில் விழும் பிறர் பேச்சைத் தெய்வத்தின் விடையாகக் கொள்ளுதல். ஒரு செயலைத் தொடங்கியவரோ, பிரிந்தவரை எதிர்பார்த்திருப்பவரோ ஊர்ப்புறத்துக்குச் சென்று, நெல்லும் பூவும் தூவித் தொழுது, பேசாமல் நிற்பார்கள். அப்போது அவ்வழியே போகும் யாரோ ஒருவர், தமக்காக ஒருவர் காத்து நிற்பதை அறியாமல், தம் வேலையைப் பற்றித் தமக்குள் பேசும் சொல்லே விடை. தொல்காப்பியம் வெட்சித்திணையில் இதனைப் 'பாக்கத்து விரிச்சி' என்று குறிக்கிறது. ஆநிரை கவரப் புறப்பட்ட மறவர் வழியில் உள்ள பாக்கத்தில், அதாவது சிற்றூரில், தங்கி இவ்வாறு கேட்டனர். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையிலும் விரிச்சி ஒரு துறை.

இதன் முழுமையான காட்சி, காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் இயற்றிய, 103 அடிகள் கொண்ட முல்லைப்பாட்டில் கிடைக்கிறது. மழை பெய்து ஓய்ந்த மாலை. போருக்குச் சென்ற தலைவன் திரும்பவில்லை. முதுபெண்டிர் காவல் மிக்க ஊரைக் கடந்து புறத்தே சென்று, நாழி நெல்லோடு, வண்டு மொய்க்க அலர்ந்த முல்லைப் பூவையும் தூவிக் கைகூப்பி நிற்கின்றனர். அங்கே சிறுகயிற்றால் கட்டப்பட்ட இளங்கன்று ஒன்று தாயைக் காணாமல் சுழல்கிறது. குளிரால் நடுங்கும் தோளில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஓர் இடைச்சிறுமி, கோவலர் பின்னின்று ஓட்டிவர உன் தாயர் இப்போதே வந்துவிடுவர் என்று கன்றைத் தேற்றுகிறாள். அவ்வளவுதான். அச்சிறுமிக்குப் போரும் தெரியாது, அரண்மனையும் தெரியாது, பின்னால் நிற்கும் கிழவிகளும் தெரியாது. அவள் கன்றிடம் பேசினாள். கிழவிகளோ தலைவன் வருவான் என்று கேட்டனர்.

இந்த முறை தமிழருக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கத்தின் அகாயா நாட்டில் பரை என்னும் ஊரின் சந்தைவெளியில் இருந்த எர்மீசு தெய்வத்தின் சிலையைப் பற்றி, கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பயண நூலாசிரியர் பவுசானியசு எழுதியிருக்கிறார். அந்தி வேளையில் அங்கு வருபவர் தூபமிட்டு, விளக்குகளில் எண்ணெய் வார்த்து ஏற்றி, ஒரு செப்புக்காசை வைத்து, தம் வினாவைச் சிலையின் காதில் ஓதிவிட்டு, இரு காதுகளையும் பொத்திக்கொண்டு சந்தையை விட்டு வெளியேறுவார். வெளியே வந்து கைகளை எடுத்ததும் எவர் பேச்சு முதலில் விழுகிறதோ அதுவே தெய்வ வாக்கு. பரங்குன்றத்தில் நிகழ்ந்த செவி சார்த்துதலும் முல்லை நிலத்தில் நிகழ்ந்த விரிச்சியும் ஒரே சடங்காக அங்கு இணைந்திருந்தன. காதைப் பொத்துவது வேடிக்கையாகத் தோன்றினாலும் அதன் நோக்கம் தெளிவானது: கேட்பவர் தமக்கேற்ற சொல்லைப் பொறுக்கி எடுக்கக் கூடாது.

தமிழ் உரையாசிரியர்கள் விரிச்சிக்கு 'நற்சொல்' என்று பொருள் எழுதினர். நல்லதே வரவேண்டும் என்ற ஆவல், வழக்கத்தின் பெயரிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆனால் காத்து நின்றோர்க்கு எப்போதும் நற்சொல்லே வாய்த்ததா? புறநானூற்றின் 280-ஆம் பாட்டு இதற்கு விடை தருகிறது. மாறோக்கத்து நப்பசலையார் பாடிய அப்பாட்டில், மார்பில் விழுப்புண்பட்டுக் கிடக்கும் வீரனின் மனைவி, தன் வீட்டில் நடப்பவற்றை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறாள். நள்ளிரவில் தும்பி வந்து இரைகிறது. ஏற்றிய விளக்கு நில்லாமல் அவிகிறது. உறங்காத கண் உறக்கத்தை நாடுகிறது. கூகையின் அச்சந்தரும் குரல் கேட்கிறது. நெல்லும் நீரும் எறிந்து விரிச்சி கேட்கும் முதுபெண்ணின் சொல்லும் நிரம்பவில்லை. 'நிரம்பவில்லை' என்ற சொல்லின் அடக்கம் வியக்கத்தக்கது. கிழவி எதிர்மாறான சொல்லைக் கேட்டாள் என்று புலவர் எழுதவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து என்ன சொல்வது என்று அந்தக் கிழவி தடுமாறியிருக்கவேண்டும் என்று மட்டும் உணர முடிகிறது. அதன்பின் அந்த மனைவி பாணர் முதலியோரைப் பார்த்து, இனி நீங்கள் என்ன ஆவீர்களோ என்று இரங்குகிறாள். கைம்மை வாழ்வைத் தான் ஏற்கப்போவதில்லை என்பதும் அவள் பேச்சில் தெளிவாகிறது. குறை நின்ற அந்தச் சொல்லை அவள் மறுக்கவில்லை, மீண்டும் ஒருமுறை கேட்டு வரச் சொல்லவுமில்லை.

நல்ல சொல் வந்தபோதும் அது எப்போதும் நம்பப்பட்டதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். முல்லைப்பாட்டில் கிழவிகள் தாம் கேட்ட நன்மொழியை எவ்வளவு எடுத்துக் காட்டியும் தலைவி தேறாமல் கண்ணீர் வடிக்கிறாள். குறுந்தொகையில் கொற்றனார் பாடிய பாட்டில் (218) வரும் தலைவியோ இவற்றின் பக்கமே போகமாட்டேன் என்கிறாள்: சூலிக்குக் கடன் நேரவும் மாட்டோம், கையில் நூல் கட்டவும் மாட்டோம், புள் நிமித்தம் பார்க்கவும் மாட்டோம், விரிச்சிக்கு நிற்கவும் மாட்டோம். சூலி என்பவள் கொற்றவை. பிரிந்தவனை உயிர்க்கு உயிராகக் கொண்டவர்களுக்கு நிமித்தம் எதற்கு என்பது வெளிப்படையான பொருள். வேண்டாத விடை வந்துவிடுமோ என்ற அச்சமும் அதன் அடியில் இருப்பதாகக் கொள்வது தவறாகாது.

அறியாத வாயே நம்பத்தக்கது என்ற இக்கருத்துக்குச் சிலப்பதிகாரத்துச் சாலினி இடர் தருகிறாள். சாலினி என்பவள் தெய்வமேறி ஆடும் மறவர்குலப் பெண். தொழிலால் வேலனுக்கு ஒப்பானவள். மதுரை செல்லும் வழியில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியும் ஐயை கோட்டத்தில் இளைப்பாறும்போது அவள் தெய்வமுற்று ஆடுகிறாள். அவள் தன் கூட்டத்தாராகிய எயினருக்கு இனிய சொல் சொல்லவில்லை. பகைவர் ஊர்களில் ஆநிரைகள் பெருகிவிட்டன, எயினர் மன்றுகளோ பாழ்பட்டுவிட்டன, வழிப்பறித் தொழிலை மறந்து அறவழி நிற்கும் குடிகளைப்போல் நீங்கள் அடங்கிவிட்டீர்கள், கொற்றவைக்குத் தரவேண்டிய கடனைத் தராவிட்டால் உங்கள் வில்லுக்கு அவள் வெற்றி தரமாட்டாள் என்று முகத்துக்கு நேரே கூறுகிறாள். எயினர் உடனே சடங்கைத் தொடங்குகின்றனர். அதே வேகத்தில் சாலினி கண்ணகியைச் சுட்டி, இவளே தமிழ்நாட்டின் பாவை, உலகுக்கு ஒப்பற்ற மாமணி என்கிறாள். கண்ணகியோ, அறிவு முதிர்ந்த இவள் மயக்கத்தில் ஏதோ சொல்கிறாள் என்று கணவனின் முதுகுக்குப் பின் ஒடுங்கிப் புன்முறுவல் பூக்கிறாள். பழிப்புச் சொல்லைக் கேட்ட எயினர் நம்பினர். புகழ்ச்சொல்லைக் கேட்ட கண்ணகி நம்பவில்லை. அந்தப் புகழுக்குள் மதுரையில் நிகழப்போகும் அனைத்தும் மறைந்திருந்தது என்பது கதையைப் படிப்பவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

பிற்காலத்தில் வேலனின் இடத்தைப் பாண்டிநாட்டுச் சிற்றூர்களில் சாமியாடிகளும் கோடாங்கிகளும் ஏற்றனர். உடுக்கையடித்துத் தெய்வத்தை வரவழைத்துக் குறி சொல்பவர் கோடாங்கி. குலதெய்வக் கோயில்களில் அவர்கள் வாயிலிருந்து வரும் விரும்பத்தகாத செய்தி பெரும்பாலும் ஒரே அச்சில் அமைவது: நேர்ந்த கடனைச் செலுத்தவில்லை, பிறந்த மண்ணின் தெய்வத்தை மறந்தீர்கள், பங்காளிகளுக்குள் பேச்சு நின்றுவிட்டது. ஏறக்குறைய சாலினி சொன்னதே இது. கேட்பவர் தலை குனிந்து திருநீறு வாங்கிக்கொள்வர்.

ஆனால் வழக்கு பெரிதானால், இரு தரப்பும் ஒப்பவேண்டுமானால், மக்கள் நாடுவது சாமியாடியைவிடப் பூவை. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, எந்த நிறம் சம்மதம் என்று முன்கூட்டியே முடிவு செய்து, தெய்வத்தின் முன் வைத்து, விவரம் அறியாத சிறு குழந்தையை எடுக்கச் சொல்வர். குழந்தைக்குத் திருமணப் பேச்சும் தெரியாது, நிலத் தகராறும் தெரியாது. கன்றைத் தேற்றிய இடைச்சிறுமியின் இடத்தில் அது நிற்கிறது. காங்கயத்தை அடுத்த சிவன்மலை முருகன் கோயிலில், ஏதேனும் ஒரு பொருளை வைக்குமாறு கனவில் உத்தரவு பெற்றதாகப் பக்தர் ஒருவர் வந்து சொன்னாலும், பூக் கேட்டு உறுதிசெய்த பிறகே அப்பொருள் உத்தரவுப் பெட்டியில் வைக்கப்படுகிறது. கனவு கண்டவரின் வாய் மட்டும் போதாது. வேண்டாத நிறம் வந்தால் மூன்று முறை கேட்டுப் பார்க்கலாம் என்று சமாதானம் கொள்வோரும் உண்டு. காதைப் பொத்திய பரை ஊரார் இதற்கு ஒப்பியிருக்கமாட்டார்கள்.

மும்முறை ஒலித்த ஒரு குரலைப் பற்றிய பழங்கதை மதுரைக்கே உரியது. இறையனார் அகப்பொருள் என்னும் அறுபது நூற்பாக்கள் கொண்ட நூலுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் உரை கண்டனர். எது மெய்யுரை என்பதில் வழக்கு எழுந்தது. நடுவன் ஒருவனைத் தரவேண்டி அவர்கள் ஆலவாய்க் கோயிலில் வரங்கிடந்தபோது, நள்ளிரவில், உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மனை இருக்கையில் அமர்த்திக் கீழிருந்து உரை சொல்லுங்கள், மெய்யுரை கேட்டால் அவன் கண்ணீர் வடித்து மெய்சிலிர்ப்பான் என்று மும்முறை எழுந்த குரலை எல்லாரும் ஒருங்கே கேட்டதாக அந்நூலின் உரையே கூறுகிறது. உருத்திரசன்மன் ஐந்து வயதுப் பிள்ளை, ஊமை. சாபத்தால் அவ்வுருவில் பிறந்த முருகன் என்பது கதை. பரங்குன்றத்தில் காது கொடுத்த கடவுள் இங்கே வாயையும் துறந்து, முற்றிலும் காதாகவே வந்து அமர்ந்தான்.

புலவர்கள் ஒவ்வொருவராக உரைத்தனர். பிள்ளை வாளா இருந்தது. தமிழின் மிகச் சிறந்த அறிஞர்களுக்குத் தெய்வம் அளித்த தீர்ப்பு அந்த அசைவின்மை. மறுமொழி சொல்லவோ, காரணம் கேட்கவோ, குழந்தைக்குக் கூலி தந்தார்கள் என்று பழி சொல்லவோ வழியில்லை. பரங்குன்றைத் 'தண் பரங்குன்றம்' என்று பாடிய மருதன் இளநாகனாரின் பெயரையே உடையவர் உரைத்தபோது சில இடங்களில் பிள்ளை கண்ணீர் வார்த்தது. கணக்காயனார் மகனார் நக்கீரனார் உரைத்தபோது சொல்தோறும் மெய்சிலிர்த்தது. திருமுருகாற்றுப்படையைப் பாடிய நக்கீரரும் இவரும் ஒருவர்தாமா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. மக்கள் மரபோ இருவரையும் ஒருவராக்கி, பரங்குன்றத்துக் குகையில் பூதம் அடைத்து வைத்த நக்கீரரை முருகன் மீட்டதாகக் கதை சொல்கிறது.

உருத்திரசன்மன் கதையைத் தாங்கிய அவ்வுரை பல தலைமுறை வாய்வழியாக வந்து, பாண்டிக்கோவைப் பாடல்களை எடுத்துக்காட்டுவதால் கி.பி. 8-ஆம் நூற்றாண்டை ஒட்டி ஏட்டில் ஏறியது எனக் கருதப்படுகிறது. அதே நூற்றாண்டில், கி.பி. 773-இல், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அலுவலனான சாத்தன் கணபதி பரங்குன்றத்துக் குடைவரையில் திருப்பணி செய்ததையும், அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததையும் அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. சேட்டை என்பவள் மூதேவி. பிற்காலத்தில் வேண்டி அழைக்கப்படாத தெய்வமானவள். அவளுக்கும் அக்குன்றில் இடம் ஒதுக்கப்பட்டது. குடைவரைக்குள் பாறையிலேயே செதுக்கப்பட்ட முருகனுக்குப் பதிலாக, வேலனின் கையில் இருந்த அதே வேலுக்கே பரங்குன்றத்தில் இன்றும் திருமுழுக்கு நடைபெறுகிறது. நாற்பத்தொன்பதின்மர் கண்டதாகச் சொல்லப்படும் உரைகளுள் நக்கீரர் பெயரால் வழங்கும் ஒன்றைத் தவிர வேறெதுவும் கிடைக்கவில்லை.